லால் பாஷா மாமாவின் முங்கும் எண்ணெய்

கடவுள் உலகத்தைப் படைத்தபோது முதலில் லவங்க எண்ணெயைத்தான் படைத்தார். மிச்சமிருந்த நேரத்தில்தான் சூரியன், சந்திரன், சையத் பாஷா மலை, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு முதலியவற்றைச் செய்தார். ஆற்றுக்குக் குறுக்கே இப்போது அணை கட்டிக்கொண்டிருக்கிறார்களே, அதற்குச் சிமெண்டே தேவையில்லை. இரண்டு சொட்டு லவங்க எண்ணெய் விட்டால் ஆறு மரத்துப்போய் நின்ற இடத்திலேயே நிற்கும். பல்வலி, பரீட்சை, மாமியார், மந்திரி எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து அதுதான். ராஜாக்கள் காலத்தில் இது இருந்திருந்தால் சண்டையே நடந்திருக்காது. வெட்டுப்பட்டவனுக்கு வெட்டுப்பட்டதே தெரிந்திருக்காது.

லவங்கம் என்று எங்கள் ஊரில் சொல்வது, பிரியாணி சாப்பிடும்போது பல்லில் மாட்டுமே, அந்த மொக்கு. கிராம்பு என்றும் சொல்வார்கள். அதிலிருந்து இறக்கிய எண்ணெய் இது.

எட்டாம் வகுப்பில் பசுவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். பண்புகள் ஒரு பத்தி, பயன்கள் ஒரு பத்தி. நான் பசுவுக்குப் பதிலாக எங்கள் வாத்தியாரைப் பற்றி எழுதினேன். பயன்கள் என்ற இடத்தைக் காலியாக விட்டேன். என் படிப்பு அத்துடன் முடிந்தது. ஆகையால் இப்படிப்பட்ட கட்டுரை எழுத எனக்குப் பழக்கம் உண்டு. இது லால் பாஷா மாமாவைப் பற்றியது. அந்த எண்ணெயை ஒதுக்கி வைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத முடியாது, அதனால்தான் அதையும் புகழ வேண்டியதாயிற்று.

லால் பாஷா மாமா பெங்களூர் பஸ்ஸுக்கு ஏஜெண்டு. பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். பஸ் பக்கத்தில் நின்று ஊர்ப் பெயரைக் கூவி, ஆட்களைக் கூட்டி உள்ளே ஏற்றுகிற வேலை. அவருடைய அப்பா ராயக்கோட்டை ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டியவர். ரயில் வந்து நின்றதும் வண்டிமேல் ஏறி நின்று கூவுவது மகனுடைய பொறுப்பு. பிறகு அப்பா போனார், குதிரையும் போயிற்று. குரல் மட்டும் மிஞ்சியது. அதை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு வந்தார்.

வருகிறவரின் தலைப்பாகையையும் செருப்பையும் பார்த்தே இவர் என்ன பாஷை என்று கண்டுபிடித்துவிடுவார். கன்னடக்காரருக்கு, "பன்னி சாமி, ஜாக இதெ!" தெலுங்குக்காரருக்கு, "ரண்டி ரண்டி, சோட்டு உந்தி!" நம்மவர்களுக்கு, "வாங்க வாங்க, எடம் இருக்குது!" மூன்று பாஷையிலும் அது ஒரே பொய். அந்த பஸ்ஸில் என்றைக்கும் இடம் இருந்ததில்லை. ஆனாலும் ஏறினார்கள். குரல் அப்படி.

என் அம்மா வெள்ளையம்மா அதே பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த கடலைக்காய் விற்கிறாள். நான் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடுகிறேன். என் பெயர் சம்பங்கி. அப்பா அணை வேலைக்குப் போனவர். அணை அங்கேயே இருக்கிறது, அப்பாவைக் காணோம். அதை எழுத இங்கே இடமில்லை.

அம்மா லால் பாஷாவை அண்ணா என்பாள். அதனால் எனக்கு மாமா. அவர் மாதிரியே கூவி வேப்பனப்பள்ளிக்காரர்களை ஓசூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவது என் வழக்கம். பஸ் புறப்படுகிற நேரத்தில் உள்ளே கூச்சல் கிளம்பும். மாமா தோளில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு ஒன்று இருக்கும். அது பறந்து வந்து சரியாக என் முகத்தில் விழும். எத்தனை கூட்டமானாலும் குறி தப்பாது.

"ஏ சைத்தானே! ஒன்ன ஒருநா மெட்ராஸ் பஸ்ல ஏத்தி உட்டுடறன் பாரு!"

"எடம் இருக்குதா மாமா?"

சிரித்துவிடுவார். சிரித்தால் இடது பக்கத்துக் கடைவாய்ப் பல்லைக் கையால் பொத்திக்கொள்வார். அந்தப் பல்தான் எல்லாவற்றுக்கும் காரணம். பாதி உடைந்து குழிவிழுந்த பல். பிடுங்கச் சொன்னால், "பல்லு போச்சுன்னா சத்தத்துல காத்து பூந்துடும்" என்பார். கூவுகிறவருக்கு அந்தப் பயம் இருக்கும்தானே.

அவர் மனைவி ஃபகருன்னிசா அத்தை தினமும் மத்தியானம் சாப்பாட்டு அடுக்கைக் கொண்டுவருவாள். பல்லுக்கு லவங்க எண்ணெய் வாங்கி வைப்பதும் அவள்தான். கடைக்காரர் பாட்டிலை நீட்டியதும் வாங்கிவிட மாட்டாள். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பாள். அதில் ஒரு சொட்டு விடுவாள். மற்ற எண்ணெயெல்லாம் தண்ணீர்மேல் மிதக்கும். லவங்க எண்ணெய் மட்டும் கனம். சிறு மணி போலச் சுருண்டு அடிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அது உட்கார்ந்த பிறகுதான் அத்தை காசு முடிந்த முந்தானை முடிச்சை அவிழ்ப்பாள்.

"முங்குனா எண்ணெ. மெதந்தா ஏமாத்து" என்று என்னிடமும் சொன்னாள். நான் அதை வைத்துப் பிழைத்தேன். எண்ணெய் தண்ணீரில் முங்குமா என்று பஸ்ஸில் இருப்பவர்களிடம் பந்தயம் கட்டி, தோற்றவர்களிடம் கடலை விற்றேன். ஒருநாள் பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பருடைய டீ கிளாஸ் விளிம்பில் ஒரு சொட்டைத் தடவி வைத்தேன். அவருக்கு உதடு மரத்துப்போய், டீ முழுவதும் சட்டையில் வழிந்தது. வாயில் ஊற்றிக்கொண்டிருப்பதாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இன்னும் பயன்கள் உண்டு. வெல்லப் பானையைச் சுற்றித் தடவினால் எறும்பு அண்டாது. டைம் கீப்பர் நோட்டீஸ் ஒட்டுகிற கோந்தில் ஒரு துளி விட்டால் பூஞ்சை பிடிக்காது. கையில் பட்டால் வாசனை போகாது. சோப்பு போட்டாலும் போகாது, சாம்பல் போட்டாலும் போகாது. அது பண்பில் சேருமா பயனில் சேருமா என்று தெரியவில்லை.

அத்தைக்கு வயிற்றில் கட்டி வந்தது. பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். மாமா கூவுகிற அதே பஸ்ஸில்தான் போனாள். மகள் வஜிஹா கோலார் தங்கவயலில் இருந்து வந்து கூட ஏறினாள். அன்றைக்கு மாமா முன்சீட்டைத் துண்டால் துடைத்துவிட்டு, யாரையும் அங்கே உட்காரவிடாமல் காவல் நின்றார். அத்தையின் கையைப் பிடித்து, "வா பக்ரு, எடம் இருக்குது" என்றார். அன்று மட்டும் அது பொய் இல்லை.

பஸ் கிளம்பும்போது அத்தை ஜன்னல் வழியாக ஒரு பாட்டிலை அவர் கையில் வைத்தாள். நீலக் கண்ணாடி பாட்டில், கார்க் மூடி.

"வலிச்சா ஒரு சொட்டு. ரெண்டு வெக்காதீங்க, ஈறு வெந்துடும்."

"சரி சரி. போயிட்டு வா." பிறகு பழக்கதோஷத்தில் பஸ்ஸைத் தட்டி, "ரைட்" என்றார்.

அத்தை வேனில் திரும்பி வந்தாள். அன்றைக்கு மாமா அழவில்லை. அடக்கம் செய்துவிட்டு வந்தும் அழவில்லை. சில நாள் கழித்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வழக்கமான இடத்தில் நின்று கூவினார். ஏதோ கல்லு மாதிரி நிற்கிறாரே என்று கண்டக்டர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கடலை விற்றேன்.

அப்புறம்தான் கவனித்தேன். அவர் எண்ணெயைப் பல்லில் மட்டும் வைக்கவில்லை. நாக்கிலும் விட்டுக்கொண்டார். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. நாக்கு தடித்துப்போய் ஓசூர் என்பது 'ஓதூர்' ஆயிற்று. 'எடம் இருக்குது' என்பது 'எதம் இதுக்குது' ஆயிற்று.

"ஏன் மாமா நாக்குல வெக்கறீங்க? வலி அங்கியா?"

"வாய் மரத்துப் போச்சுன்னா சௌகரியம் புள்ள. சோறு என்னா ருசின்னு தெரியாது. யாரு சமைச்சதுன்னும் தெரியாது."

அவ்வளவுதான் சொன்னார். நானும் ஒருமுறை நாக்கில் விட்டுப் பார்த்தேன். முதலில் காரம், பிறகு குளிர்ச்சி, பிறகு ஒன்றுமில்லை. நாக்கைக் கடித்து ரத்தம் வந்ததே எனக்குத் தெரியவில்லை, அம்மா பார்த்துத்தான் சொன்னாள். அவர் சொன்னது சரிதான், சௌகரியமாகத்தான் இருந்தது.

ஒருநாள் அவர் எதிரிலேயே நின்று, "ஓதூரு ஓதூரு! எதம் இதுக்குது!" என்று கூவினேன். பஸ் முழுவதும் சிரித்தது. முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். துண்டு பறக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், அடுத்த பஸ்ஸைப் பார்த்தார், கூவப் போய்விட்டார். அன்றைக்கு மிச்சக் கடலையை நான் விற்கவில்லை. கூடையோடு அப்படியே வைத்துவிட்டேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வஜிஹா அக்கா வந்தாள். ஊருக்குத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் வைத்தே அப்பாவிடம் பேசினாள். நான் பக்கத்தில் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அத்தா, இங்க யாரு இருக்காங்க ஒங்களுக்கு? எங்ககூட தங்கவயலுக்கு வந்துடுங்க. அவரும் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

மாமா சட்டைப் பையிலிருந்து நீலப் பாட்டிலை எடுத்துக் காட்டினார். "ஒங்கம்மா குடுத்தது. இது தீரட்டும். தீந்த அன்னிக்கே வந்துடறன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் பொய் சொல்வது பஸ்ஸுக்கு மட்டும்தான். மகளிடம் சொன்னால் சொன்னதுதான். அக்கா பாட்டிலை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தாள். பாதிக்குமேல் இருந்தது. சரி என்றாள். மாதாமாதம் வந்து பார்ப்பேன் என்றும் சொன்னாள்.

போனால் போகட்டும், எனக்கென்ன? போகிறவர்கள் போகிற ஊர்தானே இது, அதற்குத்தானே பஸ் ஸ்டாண்டு கட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் தங்கவயலில் எல்லோருக்கும் பூமிக்கடியில் வேலை என்று சொல்கிறார்கள். அங்கே கூவுகிறவருக்கு என்ன வேலை இருக்கும் என்று மட்டும் யோசித்தேன்.

மாமா மத்தியானத் தொழுகைக்குப் போகும்போது பாட்டிலை டைம் கீப்பர் அறை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுப் போவார். நான் போய்ப் பார்ப்பேன். நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் பார்த்தபோது அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஈரம் மட்டும்தான் இருந்தது.

மருந்துக்கடைக் கம்பவுண்டருக்குக் கடலை என்றால் உயிர். கடலைக்கு எண்ணெய் என்று பேசி முடித்தேன். அவர் அளந்து கொடுத்தது குழந்தைக்கு மருந்து புகட்டுகிற சங்கில் ஊற்றினால் பாதிக்கு வரும். பாட்டிலில் விட்டால் அடிகூட மறையாது. ஆகையால் அம்மாவின் தேங்காய் எண்ணெயைக் கலந்தேன். பாட்டிலில் ஒட்டிய காகிதத்தின் கீழ் ஓரம் வரை ஏற்றி வைத்தேன். இது உதவி இல்லை. தீராத பாட்டிலைப் பார்த்து மாமா என்ன நினைப்பார் என்று வேடிக்கை பார்க்கத்தான் செய்தேன்.

அவர் ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை. பாட்டிலை எடுத்தார், சொட்டு விட்டார், கூவப் போனார். இரண்டு நாளுக்கொருமுறை நான் அதே ஓரத்துக்கு ஏற்றி வைத்தேன். வஜிஹா அக்கா வந்தாள், வெயிலில் தூக்கிப் பார்த்தாள், "தீரப்போவுது" என்று சந்தோஷமாகப் போனாள். மறுபடி வந்தாள், தூக்கிப் பார்த்தாள், முகம் சுருங்கிப் போனாள்.

இதற்கிடையில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. தேங்காய் எண்ணெய் சேரச் சேர மரப்பு குறைந்தது. 'ஓதூர்' கொஞ்சம் கொஞ்சமாக ஓசூருக்குத் திரும்பி வந்தது. லால் பாஷா தேறிவிட்டார், எல்லாம் காலம் செய்கிற வேலை என்று டைம் கீப்பர் சொன்னார். காலம் இல்லை, தேங்காய் எண்ணெய். மாமா சோற்றைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார ஆரம்பித்தார். ருசி தெரிய ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. சில நாள் இரண்டு சொட்டு வைத்தார். மூன்றும் வைத்தார். பாட்டில் வேகமாக இறங்கியது. எனக்கு வேலை அதிகமாயிற்று.

அந்தச் சமயம் பார்த்து மருந்துக்கடைக் கம்பவுண்டர் சேலத்துக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் திருநெல்வேலிக்காரர். நல்லவேளையாக அவருக்கும் கடலை பிடித்தது.

"லவங்கத் தைலம் வேணும்" என்றேன். மருந்துக்கடையில் தைலம் என்று சொன்னால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்தேன். சிவந்த நிறத்தில் கொடுத்தார். வாசனை கொஞ்சம் இனிப்பாக இருந்தது. வேறு கம்பெனி சரக்கு என்று நினைத்தேன். பாட்டிலில் மிச்சம் இருந்ததோடு சேர்த்து ஏற்றி வைத்தேன். தேங்காய் எண்ணெய் தீர்ந்து போயிருந்ததால் அன்றைக்குக் கலக்கவில்லை.

மறுநாள் காலை பெங்களூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மாமா பாட்டிலைச் சாய்த்தார். பல்லில் ஒன்று, நாக்கில் இரண்டு. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தார்.

"பெங்களூ..."

அதற்குமேல் வந்தது ஊர்ப் பெயர் இல்லை. கத்தல். அவர் அப்படியே பஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். வாயைக் கையால் பிடித்துக்கொண்டு துப்பினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. முகம் மிளகாய் நிறத்துக்குப் போயிற்று. பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னாச்சு பாய்?"

"பல்லு வலிங்க போல."

அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். "ஏ புள்ள, நிக்கறியே! மோரு கொண்டா!"

மோர் கொண்டுவந்தேன். வாயில் வைத்துக் கொப்பளித்தார். மறுபடி குடித்தார். எரிச்சல் அடங்கித்தான் இருக்க வேண்டும், உதட்டின் சிவப்பு இறங்கிவிட்டது. ஆனால் அழுகை அடங்கவில்லை. அது வேறு அழுகையாக மாறியிருந்தது. துண்டை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதார்.

"நான்தானம்மா ஏத்துனன்" என்றார் அம்மாவிடம். "வா பக்ரு, எடம் இருக்குதுன்னு நான்தானே கூப்ட்டன். ரைட்டுன்னு நான்தானே சொன்னன்."

"நீங்க என்னா பண்ணுவீங்கண்ணா" என்று அம்மா அவர் முதுகைத் தடவினாள். அவளும் அழுதாள். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். பெங்களூர் பஸ் அன்றைக்குத் தாமதமாகத்தான் கிளம்பியது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நான் மோர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு நாக்கில் எதுவும் இல்லை, ஆனாலும் வாய் அசையவில்லை.

மாமாவை வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். நான் நேரே மருந்துக்கடைக்கு ஓடினேன்.

"என்னாங்க குடுத்தீங்க எனக்கு?"

"நீ கேட்டதத்தான் தந்தேன். லவங்கத் தைலம்."

"லவங்கம்னா வாய் மரத்துப்போவணும். இது வேவுதே!"

"பட்டைத் தைலத்த வாயில வச்சா வேகாம என்ன செய்யும்?"

"பட்டையா? நான் லவங்கமில்ல கேட்டன்! மொக்கு!"

"ஏட்டி, எங்க ஊர்ல லவங்கம்னா பட்டைதான். மொக்கு வேணும்னா கிராம்புன்னுல்லா கேக்கணும்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "யாருக்கு வெந்துச்சு?" என்றார்.

"யாருக்கோ."

ஒரே பெயர், இரண்டு மரம். ஒன்று மரக்க வைக்கிறது, இன்னொன்று எரிக்கிறது. அத்தையிடம் தண்ணீரில் முங்குகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொண்ட எனக்கு, எந்த ஊர் லவங்கம் என்று கேட்கத் தெரியவில்லை. இரண்டுமே முங்கும் என்று கம்பவுண்டர் சொன்னார். அது எனக்கு அப்போது ஆறுதலாக இல்லை.

பாட்டில் ஜன்னல் மேடையிலேயே கிடந்தது. உள்ளே இருப்பதைக் கொட்டாவிட்டால் மாமாவுக்கு மறுபடி வேகும். கொட்டினால் பாட்டில் காலி. வருகிற வெள்ளிக்கிழமை வஜிஹா அக்கா வருவதாக இருந்தாள். காலிப் பாட்டிலைப் பார்த்தால் சத்தியத்தை நினைவுபடுத்தி அப்பாவைக் கையோடு அழைத்துப் போய்விடுவாள். அதைவிட இன்னொன்றும் இருந்தது. அடியில் எங்கேயாவது அத்தை வாங்கிய எண்ணெயில் ஒரு துளியாவது மிச்சம் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் சேர்த்துத்தான் கொட்ட வேண்டும்.

கொட்டினேன். சாம்பலும் வெந்நீரும் போட்டுக் கழுவிக் காயவைத்தேன். கம்பவுண்டரிடம் கிராம்பு என்று நாலு முறை சொல்லிக் கேட்டு வாங்கினேன். அவரிடம் இருந்ததே கொஞ்சம். மீதிக்குத் தேங்காய் எண்ணெய். காகிதத்தின் கீழ் ஓரம் வரை ஏற்றி, கார்க்கை அழுத்தி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாமா வந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது. வெந்த வீக்கம் என்று நினைத்து நான் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன். அவர் அன்றைக்குக் கூவவில்லை, கையை மட்டும் ஆட்டி ஆட்களை ஏற்றினார். வஜிஹா அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாகப் பாட்டிலைத் தூக்கி வெயிலில் பார்த்தாள்.

"என்னா அத்தா இது? போன தடவ எங்க இருந்துச்சோ அங்கியே இருக்குது!"

"சிக்கனமா இருக்கன் தாயி."

"கன்னம் இப்டி வீங்கி இருக்குது, இன்னும் என்னா சிக்கனம்?"

"அதுவா... அது வேற" என்றார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சமைத்து வைத்துவிட்டு, சாயங்காலம் முனகிக்கொண்டே ஊருக்கு ஏறினாள். பஸ் திரும்பும் வரை மாமா கையசைத்தார். பிறகு என் பக்கம் பார்க்காமலே கூப்பிட்டார்.

"சம்பங்கி. ஒரு டம்ளர் தண்ணி."

குடிக்கத்தான் என்று நினைத்துக் கொண்டுபோனேன். அவர் வாங்கிப் படியில் வைத்தார். நீலப் பாட்டிலின் கார்க்கைப் பிடுங்கினார். ஒரு சொட்டு விட்டார்.

சொட்டு முங்கவில்லை. தண்ணீர்மேல் வட்டமாகப் பரந்து பளபளவென்று ஆடிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்கத்த வாங்குனது முங்கும்" என்றார் மாமா. "இது நீந்துது."

"பழசானா எல்லா எண்ணெயும் மெதக்கும் மாமா. காத்து பூந்துடும்."

"ஓஹோ."

"ஆமா. பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க."

"ஒனக்கு?"

நான் டம்ளரை எடுத்துக் கொட்டப் போனேன், அவர் கையை வைத்து மறித்தார்.

"பக்ருவோட எண்ணெ எப்பவோ தீந்துடுச்சி புள்ள. கார்க்கையும் நக்கிட்டன். மறுநா காலையில தங்கவயலுக்குக் கெளம்பிடலாம்னு துணிகூட மடிச்சி வெச்சன். தொழுதுட்டு வந்து பாத்தா பாட்டில்ல எண்ணெ இருக்குது. ஒண்ணு அல்லா ஊத்தி இருக்கணும், இல்ல வேற யாரோ. சொட்டு உட்டுப் பாத்தன், மெதந்துச்சி. அல்லா தேங்காண்ணெ கலக்க மாட்டான்."

"தெரிஞ்சிதான் வெச்சிக்கினீங்களா?"

"தீந்தாதானே போவணும்? தீரலையே."

"அக்காகிட்ட சொல்லுவீங்களா?"

அவர் வாயைத் திறந்து காட்டினார். இடது பக்கம், கடைசியில், பல் இருந்த இடத்தில் பஞ்சு இருந்தது.

"பெரியாஸ்பத்திரில நேத்து எடுத்துட்டாங்க. ஊசி போட்டு எடுத்தாங்க. ஊசி போனப்புறம் நல்லா வலிச்சுது." அதை ஏதோ சாப்பாடு நன்றாக இருந்தது என்பதுபோலச் சொன்னார். கார்க்கைப் பாட்டிலில் வைத்து உள்ளங்கையால் தட்டி இறுக்கினார். "இனிமே எனக்கு எண்ணெ வேணாம். நாக்குக்கும் வேணாம். பாட்டில் இப்டியே இருக்கும். எப்டித் தீரும் சொல்லு?"

நான் கணக்கில் மோசம் என்றாலும் இது புரிந்தது. தீரவே தீராது. புரிந்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். கடலைக் கூடையில் ஏதோ தேடினேன்.

"நான் ஒண்ணும் ஊத்தல மாமா. டைம் கீப்பரா இருக்கும். கோந்துக்கு எண்ணெ எடுத்தவரு திருப்பி ஊத்தி இருப்பாரு."

"இருக்கும் இருக்கும். கையக் குடு பாக்கலாம்."

"கடலத் தோலு இருக்குது கையில."

"குடு."

கொடுத்தேன். அவர் என் விரல்களை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"பேரு சம்பங்கி. கையில மட்டும் லவங்கம். எப்டிம்மா?"

பதில் தேடுவதற்குள் துண்டு பறந்து வந்து முகத்தில் விழுந்தது. அதை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.